எச்.ஆர். அறை எத்தனை மணிக்குத் திறக்க வேண்டும்?

கேள்வி: ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் எச்.ஆர். எனும் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். 380 தொழிலாளர்கள், மூன்று ஷிப்ட். எச்.ஆரில் நாங்கள் நான்கு பேர். இதுவரை எங்களுக்கு நேரக் கணக்கு கிடையாது. சில நாள் பத்து மணிக்கு வருவோம், சில நாள் இரவு ஒன்பது வரை இருப்போம். நடுராத்திரி போன் வந்தாலும் எடுப்போம். புதிதாக வந்திருக்கும் ஜி.எம். (பொது மேலாளர்), "இனிமேல் எச்.ஆருக்கும் ஒன்பது முதல் ஆறு. பஞ்ச் கட்டாயம்" என்கிறார். எங்கள் வேலைக்கு இது ஒத்துவருமா?

பதில்: உங்கள் ஜி.எம். சொல்வதில் பாதி சரி. நேரம் நிலையாக இருக்க வேண்டும் என்பதில் நான் அவர் பக்கம். ஒன்பது முதல் ஆறு என்பதில்தான் எனக்குச் சண்டை.

வந்து போகும் நேரத்தைப் பதியும் பஞ்ச் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். மூன்று முறை தாமதமாக வந்த ஆபரேட்டருக்கு மெமோ அடிப்பது நீங்கள்தான். அதே நீங்கள் பத்து மணிக்கு நிதானமாகக் கேட்டுக்குள் நுழைவதை செக்யூரிட்டி பார்க்கிறார், கேன்டீன்காரர் பார்க்கிறார், மெமோ வாங்கியவரும் பார்க்கிறார். முந்தின நாள் இரவு ஒன்பது வரை நீங்கள் உட்கார்ந்திருந்தது இவர்களில் ஒருவருக்கும் தெரியாது. உபதேசம் ஊருக்குத்தானா என்ற முணுமுணுப்பு வரத்தான் செய்யும். பஞ்ச் வையுங்கள். நீங்கள் கூடுதலாக இருந்த நேரத்துக்கும் அது ஒன்றுதான் சாட்சி.

இப்போது நேரத்துக்கு வருவோம். நானும் அம்பத்தூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஒன்பது-ஆறு பார்த்தவன்தான். சி ஷிப்டில், அதாவது இரவு ஷிப்டில் ஒருவர், தங்கை கல்யாணத்துக்கு பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) முன்பணம் கேட்டிருந்தார். ஆதாரில் அப்பா பெயர் முழுசாக இருந்தது, பி.எஃப். பதிவில் வெறும் இனிஷியல். விண்ணப்பம் திரும்பிவிட்டது. அவருக்கு ஷிப்ட் முடிவது காலை ஆறு மணி. கம்பெனி பஸ் ஆறு இருபதுக்குக் கிளம்பிவிடும். நான் வருவது ஒன்பதுக்கு. முதல் நாள் காத்திருந்தார், நான் மீட்டிங்கில் மாட்டிக்கொண்டேன். இரண்டாம் நாள் ஆதார் நகல் இல்லை என்று அனுப்பிவிட்டேன். மூன்றாம் நாள் போனபோது டைம் ஆபீஸ் (வருகைப் பதிவு அறை) பெஞ்சில் சட்டையைச் சுருட்டித் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். பெயர்த் திருத்தத்துக்குத் தொழிலாளியும் கம்பெனியும் சேர்ந்து கொடுக்கும் கூட்டு உறுதிமொழிப் படிவத்தை எடுத்து நிரப்பிக் கையெழுத்துப் போட எனக்கு நாலு நிமிடம் ஆகியிருக்கும். அதற்காக ராத்திரி முழுக்க மெஷின் ஓட்டியவர் ஒன்பது மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். நான் மூன்று நாளும் சரியாக ஒன்பதுக்குத்தான் பஞ்ச் அடித்தேன்.

ஆக, எச்.ஆருக்கு நேரம் வேண்டும். ஆனால் அதைக் கம்பெனி பஸ்ஸைப் பார்த்துக் குறிக்க வேண்டும். உங்கள் ஷிப்டும் வழக்கம்போல ஏ ஷிப்ட் காலை ஆறு-இரண்டு, பி இரண்டு-பத்து, சி இரவு பத்து-ஆறு என்றே வைத்துக்கொள்கிறேன். பி ஷிப்ட் பஸ் ஒன்றரைக்கு வந்துவிடும், ஏ ஷிப்ட் பஸ் இரண்டு இருபதுக்குக் கிளம்பும். மொத்தத் தொழிலாளர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் வளாகத்துக்குள் இருந்தும் லைனில் இல்லாத நேரம், அநேகமாக அந்த ஒரு மணி நேரம்தான். சரியாக அப்போதுதான் எச்.ஆர். அறையைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போவோம்! இதை மட்டும் மாற்றினாலே பாதித் தலைவலி போகும். இருவர் பன்னிரண்டரைக்குச் சாப்பிடட்டும், மற்ற இருவர் இரண்டே முக்காலுக்கு.

மிச்சம் சி ஷிப்ட். வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும் என்று வையுங்கள், ஒருவர் காலை ஐந்தரைக்கு வந்து இரண்டு மணிக்குக் கிளம்பட்டும். நான்கு பேர் முறை வைத்தால் ஆளுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவைதான் வரும். விடியற்காலையில் வருபவருக்குக் கம்பெனி கேப் கொடுக்க வேண்டும், பெண் ஊழியர் என்றால் அதில் பேச்சே கிடையாது. எந்த நாள் என்பதை டைம் ஆபீஸ் பலகையில் எழுதிப் போட்டுவிட்டு, அப்புறம் மாற்றாதீர்கள். "ஷிப்டுதான் வாரம் மாறுகிறதே, அடுத்த வாரம் பகலில் வரட்டும்" என்று யாராவது சொல்வார்கள். சம்பளத்தில் ஓ.டி. (கூடுதல் நேர ஊதியம்) விட்டுப்போனவருக்கு அடுத்த வாரம் என்பது அடுத்த மாதம்.

ஆள் நடமாட்டம் குறைந்த அந்த அதிகாலைக்கு இன்னொரு பயனும் உண்டு. சூப்பர்வைசர் பார்க்கிற நேரத்தில் எச்.ஆர். அறைக்குள் நுழையத் தயங்குகிற பெண்கள் அப்போது வருவார்கள். பாலியல் தொல்லைப் புகாரை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். தயக்கத்திலேயே அந்த மூன்று மாதம் ஓடிவிடக் கூடாது.

மாதம் முழுக்க ஒரே நேரம் என்பதும் நடக்காத காரியம். 7-ஆம் தேதிக்குள் சம்பளம், 15-க்குள் பி.எஃப்., இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) கட்ட வேண்டும். முதல் இரண்டு வாரம் நேரம் இழுக்கும் என்பது காலண்டரைப் பார்த்தாலே தெரிகிறது. அப்போது கூடுதலாக இருந்ததை 16-க்குப் பிறகு காம்ப் ஆஃப் (ஈடுகட்டும் விடுப்பு) ஆகக் கழித்துக்கொள்ள, முன்கூட்டியே எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். வாய்மொழி காம்ப் ஆஃப் ஜி.எம். மாறினால் காணாமல் போகும்.

இரவு போனை எல்லோரும் எடுப்பதை நிறுத்துங்கள். ஒரு டியூட்டி போன், வாரத்துக்கு ஒருவர் கையில். விபத்து, பெண்கள் பாதுகாப்பு, அடிதடி அல்லது போலீஸ், இந்த மூன்றுக்கு மட்டும். லீவ் எத்தனை பாக்கி என்று பதினொரு மணிக்குக் கேட்டால் காலையில் பதில் போதும். விபத்துப் படிவமும் இ.எஸ்.ஐ. விவரமும் ஷிப்ட் இன்சார்ஜ் கையிலேயே இருக்கட்டும். கை நசுங்கியவரை நிற்க வைத்துக்கொண்டு, பூட்டிய எச்.ஆர். அலமாரிக்குச் சாவி தேடக் கூடாது.

சட்டப்படி உங்களுக்கே ஓ.டி. உண்டா? வேலை நேர வரம்பைத் தாண்டினால் தொழிலாளிக்கு இரட்டிப்பு ஊதியம் என்பது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலும் இருந்தது, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் பொதுவாக அதற்குள் வரமாட்டார்கள். ஆனால் விசிட்டிங் கார்டில் 'எக்ஸிக்யூட்டிவ்' என்று அச்சடித்துவிட்டால் நிர்வாகி ஆகிவிட முடியாது. தகராறு என்று வந்தால் பதவிப் பெயரைத் தாண்டி, நாள் முழுக்க என்ன வேலை பார்க்கிறார் என்றுதான் பார்ப்பார்கள். வருகைப்பதிவு மட்டுமே தட்டச்சு செய்யும் உங்கள் டைம் ஆபீஸ் தம்பியை ராத்திரி வரை சும்மா உட்கார வைக்காதீர்கள்.

அந்தத் தொகுப்பில் இன்னொன்றும் இருக்கிறது. தொழிலாளர் நல அலுவலர் வைக்க வேண்டிய வரம்பு பழைய சட்டத்தில் 500 பேர், இப்போது 250. உங்களிடம் 380 பேர். ஐந்தாவது ஆள் கேட்க இது நல்ல சமயம்.

ஜி.எம்.மிடம் போய் "எங்கள் வேலையின் தன்மையே வேறு" என்று ஆரம்பிக்காதீர்கள். எல்லாத் துறையும் அதைத்தான் சொல்லும், அவரும் கேட்டுச் சலித்திருப்பார். ஒரு மாதம் அவர் சொன்னபடியே ஒன்பதுக்கு வந்து ஆறுக்குப் போங்கள். டைம் ஆபீஸில் ஒரு நாற்பது பக்க நோட்டு வையுங்கள். எச்.ஆரைத் தேடி வந்தவர் எந்த ஷிப்ட், எத்தனை மணிக்கு வந்தார், எதற்கு வந்தார், பார்த்தாரா திரும்பினாரா என்று செக்யூரிட்டி குறித்து வைக்கட்டும். மாதக் கடைசியில் நோட்டை ஜி.எம். மேஜையில் வைத்துவிட்டு, மேலே சொன்ன அட்டவணையைக் கொடுங்கள்.