வாசகர் கேள்வி – பதில்: முள்ளும் சைக்கிள் டயரும்

இந்த இதழ் முழுக்கப் பஞ்சர்தான். கத்தரிக்காயிலேயே முள்ளுக் கத்தரிக்காயைத் தேடி வாங்குகிற மாவட்டத்தில் இப்படிக் கேள்விகள் வருவதில் ஆச்சரியம் இல்லை. பழைய வட ஆற்காட்டுப் பகுதியிலிருந்து வந்த ஆறு கேள்விகளுக்கு இங்கே பதில்.

பாலாற்று ஓரமாகத் தினமும் 14 கி.மீ. ஓட்டுகிறேன். 700 × 35 டயர். மாதம் மூன்று பஞ்சர். "கெவ்லார் டயர், 120 டி.பி.ஐ., பஞ்சரே ஆகாது" என்கிறார் கடைக்காரர். விலை நாலு மடங்கு. வாங்கலாமா?
– கல்லூரி மாணவர், காட்பாடி

வாங்குவதற்கு முன் ஒன்று பாருங்கள்: உங்கள் டியூபைக் குத்துவது எது?

ஆற்றோரம் பெரும்பாலும் இரண்டு முள். ஒன்று நெருஞ்சி. காய் காய்ந்ததும் ஐந்து துண்டாகப் பிரிந்து உதிரும். எப்படி விழுந்தாலும் ஒரு முள்ளாவது மேலே பார்த்து நிற்கும். நல்ல வேளை, அந்த முள்ளின் நீளம் ஏறக்குறைய அரை சென்டிமீட்டர்தான். மற்றது சீமைக்கருவேலம். வேலி கழித்துச் சாலையோரம் போட்ட கிளையில் 5 செ.மீ. முள்கூட இருக்கும். நெடுஞ்சாலையில் மூன்றாவதாக ஒன்று சேரும். லாரி டயர் கிழிந்து சிதறும்போது அதிலிருந்து தெறிக்கும் மெல்லிய எஃகுக் கம்பி அது. தலைமுடியை விடச் சற்றே தடிமன் என்பதால் கண்ணுக்குத் தெரியாது. காற்றும் ஒரேயடியாக இறங்காமல் இரவோடு இரவாக மெல்லப் போகும்.

இனி டயருக்கு வருவோம். ஓடுதளத்துக்கு, அதாவது தரையில் படும் ரப்பருக்கு, அடியில் வைக்கும் பாதுகாப்புப் பட்டையில் இரண்டு வகை உண்டு. ஒன்று கெவ்லார் போன்ற நெய்த இழைப் பட்டை. மெல்லியது, எடை குறைவு. கண்ணாடிச் சில்லு வெட்டுவதை நன்றாகத் தடுக்கும். ஊசிமுனை மட்டும் இழைகளை விலக்கிக்கொண்டு நடுவில் புகுந்துவிடும். மற்றது தடித்த ரப்பர் பட்டை. முள்ளின் நீளத்தை அந்தத் தடிமனே விழுங்கிவிடுவதால் முனை டியூபைத் தொடாது. ஷ்வால்பே என்ற ஜெர்மன் கம்பெனியின் மாரத்தான் டயரில் இந்தப் பட்டை 3 மி.மீ., மாரத்தான் பிளஸில் 5 மி.மீ. அதற்கு மேல் ஓடுதள ரப்பரின் தடிமன் வேறு. நெருஞ்சிக்கு இந்த இரண்டாவது வகைதான் சரி. கருவேல முள் செங்குத்தாக ஏறினால் எந்த டயரும் தாங்காது. ஆகவே "பஞ்சரே ஆகாது" என்பது வியாபாரப் பேச்சு. பஞ்சர் வெகுவாகக் குறையும், அவ்வளவுதான்.

"கெவ்லார்" என்று எழுதியிருந்தால் அது எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். ரிம்மைப் பிடிக்கும் ஓரத்தில் கம்பிக்குப் பதிலாகக் கெவ்லார் நூல் வைத்த டயரும் உண்டு. அதைச் சுருட்டிப் பைக்குள் வைக்கலாம், எடை குறையும், ஆனால் முள்ளுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 120 டி.பி.ஐ. என்பது ஓர் அங்குலத்தில் எத்தனை இழை என்ற கணக்கு. இழை கூடக் கூடத் துணி மெல்லியதாகும், டயர் லேசாக உருண்டு ஓடும். அது பந்தயக்காரருக்கு வேண்டிய குணம். முள்ளுக்காக வாங்குகிறவர் அந்த எண்ணுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

எங்கள் யோசனை: இப்போதைக்கு 3 மி.மீ. ரப்பர் பட்டை டயர் ஒன்றை மட்டும் வாங்கிப் பின்சக்கரத்தில் போடுங்கள். எடையின் பெரும்பகுதி பின்னால்தான். அதோடு, தரையில் படுத்துக் கிடக்கும் ஆணியை முன்சக்கரம் எற்றி நிமிர்த்திவிடும், பின்சக்கரம் அதன்மேல் ஏறும். 5 மி.மீ. டயர் ஒன்று ஏறக்குறைய 900 கிராம் வரும். கல்லூரிப் பையோடு தினம் 14 கி.மீ. மிதிக்கும்போது அந்தக் கனம் காலுக்குத் தெரியும்.

மாட்டும்போது கை வலிக்கும், டயர் அவ்வளவு விறைப்பு. வால்வுக்கு நேர் எதிரே ஆரம்பித்து வால்வில் முடியுங்கள். இரண்டு கையாலும் டயரின் ஓரத்தை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் அமுக்கிக்கொண்டே வந்தால் கடைசியில் தளர்வு கிடைக்கும். சோப்புத் தண்ணீர் உதவும். டயர் கழற்றும் லிவரால் நெம்பினால் புது டியூபை நீங்களே கிள்ளி ஓட்டை போடுவீர்கள். மாட்டிய பிறகு கட்டைவிரலால் அமுக்கிக் காற்றுப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். தடித்த பட்டை காற்றே இல்லாவிட்டாலும் கல்லுபோல இருக்கும். மீட்டர் வைத்த பம்பு தேவை. 70 கிலோ ஆளுக்கு 35 மி.மீ. டயரில் பின்னால் 60, முன்னால் 50 பி.எஸ்.ஐ. (மீட்டர் காட்டும் காற்றழுத்த அளவு) போதும், வாரம் ஒருமுறை பாருங்கள்.

அப்பாவின் பழைய 28 × 1½ சைக்கிளில் லுங்கிக் கட்டு ஏற்றிப் போகிறேன். ஆன்லைனில் "28 இன்ச் பஞ்சர் ப்ரூஃப்" என்று போட்டிருந்த டயரை வாங்கினேன். ரிம்மில் உட்காரவே இல்லை. டயர் மோசமா?
– நெசவாளர், குடியாத்தம்

டயர் மோசமில்லை, அளவு வேறு. "28" என்ற பெயரில் இரண்டு அளவு உலாவுகிறது. உங்கள் சைக்கிளுக்கு வேண்டியது 40-635. நவீன 700 சி டயரிலும் "28 × 1.40" என்று அச்சடிப்பார்கள், ஆனால் அது 37-622. கடைசி மூன்று எண் ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம், மில்லிமீட்டரில். 13 மி.மீ. வித்தியாசத்தை எந்த லிவரும் சரிக்கட்டாது. டயரின் பக்கவாட்டில் இந்த எண்ணைத் தேடிப் பார்த்து வாங்குங்கள், இன்ச் கணக்கை நம்பாதீர்கள். 26-இலும் இதே குழப்பம்தான்: லேடீஸ் சைக்கிளின் 26 × 1⅜ என்பது 590, மலை சைக்கிளின் 26 × 1.95 என்பது 559.

635-இல் பட்டை வைத்த வெளிநாட்டு டயர் கிடைப்பது அபூர்வம். உள்ளூர்க் கடையில் பாரம் ஏற்றுவதற்கென்று வரும் கனமான டயரைக் கேளுங்கள். கூடவே, டயருக்கும் டியூபுக்கும் நடுவே வைக்கும் லைனர் பட்டை போடலாம். பழைய டயரின் ஓரக் கம்பியை அறுத்தெடுத்துவிட்டு, மிச்ச டயரையே உள்ளே வைக்கிறவர்களும் உண்டு. முள் நிற்கும், மறுக்கவில்லை. ஆனால் வெட்டிய விளிம்பு ஒவ்வொரு சுற்றுக்கும் டியூபைத் தேய்த்து, இரண்டு மூன்று மாதத்தில் கோடு போட்டதுபோல் அறுத்துவிடும். அப்படி வைப்பதானால் விளிம்பைச் சாய்வாகச் சீவி உப்புத்தாளில் மழுக்குங்கள். இரண்டு முனையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிற இடத்தையும் மெல்லியதாக்குங்கள். டியூபின்மேல் முகப் பவுடர் தூவி மாட்டுங்கள்.

பாரம் ஏற்றுகிறவருக்கு முள்ளை விடப் பெரிய எதிரி காற்றுக் குறைவு. வேகத்தடையில் ரிம் இறங்கி டியூபை நசுக்கும். டியூபில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை, பாம்பு கடித்தாற்போல் இருந்தால் அதுதான். அதற்கு டயர் மாற்றிப் பயன் இல்லை, காற்றுதான் மருந்து.

பின்சக்கரம் மட்டும் பத்து நாளுக்கு ஒருமுறை இறங்குகிறது. டயர் புதிது. உள்ளே தடவிப் பார்த்தால் முள்ளும் இல்லை. ஷூ கம்பெனிப் பக்கம் போய் வருவதால் ஆணியாக இருக்குமோ?
– தொழிலாளி, ராணிப்பேட்டை

ஓட்டை டியூபின் எந்தப் பக்கம் என்று சொல்லியிருந்தால் ஒரே வரியில் பதில் சொல்லியிருக்கலாம். அடுத்த முறை டியூபை உருவும்போது டயரின் பெயர் எழுதிய இடமும் வால்வும் நேராக இருக்கும்படி வைத்துக்கொண்டு உருவுங்கள். டியூபில் காற்று அடித்துத் தண்ணீரில் முக்கி ஓட்டையைக் கண்டுபிடியுங்கள். வால்விலிருந்து எத்தனை சாண் என்று அளந்து, அதே தூரத்தை டயரிலும் ரிம்மிலும் பாருங்கள்.

ஓட்டை வெளிப்பக்கம், அதாவது ஓடுதளத்தைப் பார்த்த பக்கம் என்றால் ஆணியோ கம்பியோதான். விரலால் தடவினால் கம்பி அகப்படாது, அகப்பட்டால் விரலைக் கீறும். பழைய பனியன் துணியைச் சுருட்டி டயருக்குள் மெதுவாகச் சுற்றிலும் இழுங்கள். நூல் எங்கே மாட்டி இழுபடுகிறதோ அங்கே கம்பி இருக்கிறது. டயரை அந்த இடத்தில் உட்புறம் வெளியே வரும்படி மடக்கி, வெளிச்சத்தில் பிடித்துக் குறட்டால் பிடுங்குங்கள்.

ஓட்டை உள்பக்கம், ரிம்மைப் பார்த்தபடி இருந்தால் சாலைமேல் பழி போடாதீர்கள். ஸ்போக் முனைகளை மூடும் ரிம் டேப் விலகியிருக்கும், அல்லது ரப்பர் டேப் காய்ந்து வெடித்திருக்கும். ஸ்போக் முனை, அதை ரிம்மில் பிடிக்கும் நிப்பிளுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் அரம் போட்டு ராவிவிட்டு, துணி டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். பத்து நாளுக்கு ஒருமுறை, ஒரே சக்கரம் என்று நீங்கள் சொல்வதைப் பார்த்தால் எங்கள் சந்தேகம் இதன்மேல்தான். வால்வின் அடியில் கிழிந்திருந்தால் மட்டும் கதை வேறு. காற்றுக் குறைவாக ஓட்டியதில் டயர் நகர்ந்து டியூபை இழுத்திருக்கிறது. அதற்கு ஒட்டுப் போட முடியாது, டியூபை மாற்றத்தான் வேண்டும்.

சீலன்ட் ஊற்றிவிட்டால் இந்த டயர் ஆராய்ச்சியே வேண்டாமே?
– வாசகர், ஆம்பூர்

ஓட்டையை உள்ளிருந்தே அடைக்கும் திரவமான சீலன்ட் நெருஞ்சிக்கு நல்ல மருந்துதான். குத்தினதும் முள்ளைப் பிடுங்கி, ஓட்டை கீழே வரும்படி சக்கரத்தைச் சுற்றினால் சில விநாடியில் அடைத்துக்கொள்ளும். ஆனால் டியூபே இல்லாத முழு டியூப்லெஸ் வேண்டுமென்றால் ரிம்மும் டயரும் அதற்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். சாதாரண எஃகு ரிம்மில் முயற்சி செய்யாதீர்கள், திருப்பத்தில் டயர் கழன்றால் விழுவது நீங்கள். 700 × 35 டியூப்லெஸ் டயர் ஒன்றுக்கு ஏறக்குறைய 60 மி.லி. போதும். லேடெக்ஸ் சீலன்ட் காலப்போக்கில் உள்ளேயே காய்ந்து தோலாகிவிடும், வேலூர் வெயிலில் இன்னும் சீக்கிரம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்து நிரப்ப மனம் இல்லாதவர் தடித்த பட்டை டயரே போட்டுக்கொள்ளலாம்.

பள்ளிக்கூடம் போகும் மகனுக்குக் காற்றே தேவையில்லாத கெட்டி டயர் போட்டுவிடலாமா?
– வாசகி, ஆரணி

வேண்டாம். பள்ளத்தில் இறங்கும்போது விழும் அடி முழுவதும் ரிம்முக்கும் ஸ்போக்குக்கும் பையனின் மணிக்கட்டுக்கும் போகும். மிதிக்கவும் கனம்.

கத்திரி வெயிலில் நிறுத்தினால் டயர் வெடிக்கும் என்று காற்றைப் பாதியாக இறக்கிவிடுகிறேன். நான் ஒட்டும் பேட்ச்சும் கோடையில் நிற்பதில்லை. இரண்டும் வெயிலின் வேலைதானா?
– வாசகர், வாணியம்பாடி

முதலாவது வீண் பயம். 30 டிகிரியில் 60 பி.எஸ்.ஐ. அடித்த டயர் வெயிலில் காய்ந்து 60 டிகிரிக்குச் சூடானாலும் உள்ளே அழுத்தம் 68-ஐத் தாண்டாது. அதை நல்ல டயர் தாங்கும். வெடிக்கிற டயரை எடுத்துப் பாருங்கள்: பக்கவாட்டில் வெடிப்பு விட்டிருக்கும், அல்லது ஓரம் ரிம்மில் சரியாக உட்காராமல் டியூப் பிதுங்கியிருக்கும். வெயில் அதற்குக் கடைசி உதை கொடுக்கிறது, அவ்வளவுதான். காற்றைப் பாதியாக இறக்கி ஓட்டினால் முன்பு சொன்ன பாம்புக்கடிதான் கிடைக்கும்.

பேட்ச் விஷயத்தில் குற்றவாளி அவசரம். ஓட்டையைச் சுற்றி, பேட்ச்சை விட அரை அங்குலம் அகலமாக உப்புத்தாள் போடுங்கள், டியூபின் பளபளப்புப் போக வேண்டும். டியூபின்மேல் ஓடும் வார்ப்புக் கோடு ஓட்டைக்குப் பக்கத்தில் இருந்தால் அதைத் தேய்த்துச் சமப்படுத்தாமல் விடாதீர்கள். பேட்ச் நின்றாலும் அந்தக் கோட்டின் ஓரமாகக் காற்று கசியும். சொல்யூஷனை மெல்லியதாகத் தடவி, ஊதாமல் காத்திருங்கள். ஈர மினுமினுப்பு மறைய மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆகும். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் உள்ளே கரைப்பான் அடைபட்டு, டியூப் சூடானதும் பேட்ச் மிதந்து வழுக்கும். உங்கள் கோடைக்காலப் பேட்ச்சுக்கு நேர்வது இதுதான். நகத்தால் தொட்டால் ஒட்டுவதுபோல் பிடித்து, கையில் வராமல் விட வேண்டும், அதுதான் பதம். நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தித் தேயுங்கள். மேலே இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரிக்கும்போது பேட்ச்சின் ஓரம் கூடவே எழும்பினால் அப்படியே விட்டுவிடுங்கள், தாள் டியூபுக்கு ஒரு கெடுதலும் செய்யாது. ஒருமுறை திறந்த சொல்யூஷன் மூடி போட்டாலும் சில மாதத்தில் உள்ளேயே காய்ந்துவிடும். சைக்கிள் பையில் பிரிக்காத ஒன்று இருக்கட்டும்.