ஒரே பாத்திரம், ஒன்றேகால் மணி நேரம் – கடிதம்

வணக்கம் அம்மா,

வேலைக்குப் போய்வந்து இரவுச் சமையலையும் பார்க்கிறவள் நான். எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டுச் சமைக்கும் முறையைச் சொல்லும் புத்தகங்கள் நான்கு வாங்கினேன். இரண்டு மாதமாக அவற்றைப் பார்த்துத்தான் சமைக்கிறேன். அரை மணி நேரம் என்று போட்டிருக்கும் குறிப்புக்கு எனக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது. ஒருநாள் காய் வேகவில்லை, இன்னொரு நாள் அடிப்பிடிக்கிறது. போன வாரம் வீட்டுக்கு ஆட்கள் வந்ததால், 1 கப் அரிசிக்கு 2 கப் தண்ணீர் என்றிருந்ததை 2 கப்புக்கு 4 கப்பாக வைத்தேன். கூழாகிவிட்டது. தப்பு என் கையிலா, புத்தகத்திலா? சமையல் புத்தகங்களைச் சமைத்துப் பார்த்து எழுதுகிறவர் நீங்கள். எப்படிச் சோதிக்கிறீர்கள் என்று சொல்லுங்களேன்.

செ.

அன்புள்ள செ.,

கூழான அந்தச் சோற்றிலிருந்தே தொடங்குகிறேன். அந்தத் தப்பு உங்களுடையது இல்லை.

அரிசி வேகும்போது ஏறக்குறைய தன் அளவுக்குத்தான் தண்ணீர் குடிக்கும். ரகத்தைப் பொறுத்துக் கொஞ்சம் கூடலாம், குறையலாம். மிச்சத் தண்ணீர் ஆவியாகப் போவதற்காக ஊற்றுவது. எவ்வளவு ஆவியாகும் என்பது பாத்திரத்தின் வாய் அகலம், மூடி எவ்வளவு இறுக்கம், எவ்வளவு நேரம் கொதிக்கிறது என்பதைப் பொறுத்தது. அரிசி எவ்வளவு என்பதற்கும் அதற்கும் பெரிய தொடர்பு கிடையாது. 1 கப் அரிசிக்கு 2 கப் தண்ணீர் என்றால், அதில் ஒரு கப் அரிசி குடிக்க, ஒரு கப் ஆவியாக. அதே பாத்திரத்தில் 2 கப் அரிசி போட்டால் அரிசிக்கு இரண்டு, ஆவிக்கு அதே ஒன்று, ஆக மூன்று. நீங்கள் நான்கு ஊற்றினீர்கள். கூடவே தக்காளியோ காளானோ போட்டிருந்தால் அவை விடும் தண்ணீர் வேறு. “தேவைக்கேற்ப அளவை இரட்டிப்பாக்கிக்கொள்ளலாம்” என்று ஒரே வரியில் முடித்துவிடும் புத்தகத்தைப் பார்த்தால், எழுதியவர் அதை இரட்டிப்பாக்கிச் சமைத்துப் பார்க்கவில்லை என்றுதான் நினைப்பேன்.

அடுத்து அந்த அரை மணி நேரம். குறிப்பில் நேரம் எங்கே ஒளிந்திருக்கிறது தெரியுமா? பொருட்களின் பட்டியலில். “வெங்காயம் 3, பொடியாக நறுக்கியது, கேரட் 2, தோல் சீவித் துருவியது” என்று எழுதிவிட்டால், நறுக்குவதும் சீவுவதும் கணக்கில் வராது. அலமாரியைத் திறக்கும்போதே நான் கடிகாரத்தைத் தொடங்கிவிடுவேன். பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் நிறுத்துவேன். வேலை முடிந்து வந்து சமைக்கிற ஒருவருக்கு உண்மையான நேரம் அதுதான். வெங்காய விஷயத்தில் மட்டும் புத்தகங்கள் மேல் எனக்குத் தனியாக ஒரு கோபம் உண்டு. “5 நிமிடம் வதக்கினால் நன்றாகப் பழுப்பாகிவிடும்” என்று எழுதுகிறார்கள். ஐந்து நிமிடத்தில் வெங்காயம் கண்ணாடி போலாகும், அவ்வளவுதான். கருகாமல் அடர்பழுப்பாகி இனிப்பு ஏற முக்கால் மணி நேரம் வரை ஆகும். தீயைக் கூட்டினால் ஓரம் கருகும், நடு பச்சையாகவே நிற்கும்.

பாத்திரங்களையும் எண்ணுவேன். சமைத்து முடித்ததும் கழுவ வேண்டியதையெல்லாம் ஒரே பக்கமாக அடுக்கிப் பார்ப்பேன். “தனியாக வேகவைத்து வடித்த” என்று ஒரு வார்த்தை வந்தாலே இன்னொரு பாத்திரமும் ஒரு வடிகட்டியும் சேர்ந்துவிடும். ஒன்றுக்கு மட்டும் விலக்கு தருவேன். இறைச்சியை முதலில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுச் சிவக்க வைத்து, ஒரு தட்டில் எடுத்து வைக்கச் சொன்னால் அந்தத் தட்டு வீண் இல்லை. தண்ணீர் இருக்கும்வரை பாத்திரத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. இறைச்சி சிவந்து மணம் வர 140 டிகிரிக்குப் பக்கத்தில் சூடு வேண்டும். மொத்தத்தையும் ஒரே நேரத்தில் கொட்டினால் அது தன் சாற்றிலேயே வெந்து வெளுத்துப் போகும்.

வாங்குவதற்கு முன்பே பார்க்க வேண்டியது அளவு. கப் என்றால் எந்தக் கப்? அமெரிக்கப் புத்தகத்தில் அது சுமார் 240 மில்லி, ஆஸ்திரேலியாவில் 250, ஜப்பானில் 200. ரைஸ் குக்கரோடு வரும் சின்னக் கப் 180தான். டேபிள்ஸ்பூன் பெரும்பாலும் 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் 20. உப்பும் அப்படித்தான்: ஒரு டீஸ்பூன் தூள் உப்பு 6 கிராம் இருக்கும், பொரபொரவென்று சீவல் போலிருக்கும் உப்பு அதில் பாதிகூட இல்லாமல் போகலாம். கப் எத்தனை மில்லி என்று முதல் சில பக்கங்களில் சொல்லாத புத்தகத்தை நான் நம்புவதில்லை.

இப்போது சோதிக்கும் முறைக்கு வருகிறேன். முதல் தடவை, எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே செய்யுங்கள். கை துறுதுறுக்கும், “இதற்கு இன்னும் கொஞ்சம் தண்ணீர் வேண்டுமே” என்று மனசு சொல்லும். இருந்தாலும் மாற்றாதீர்கள். மாற்றிவிட்டால் நீங்கள் சோதிப்பது புத்தகத்தை இல்லை. ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டு, இரண்டாம் தடவை மாற்றுங்கள்.

அப்படி ஒருநாள் காய்ந்த வெள்ளை பீன்ஸ் குறிப்பு ஒன்றைச் செய்தேன். இரவு ஊறவைத்த பீன்ஸ், தக்காளி, வெங்காயம் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, சின்னத் தீயில் ஒரு மணி நேரம் என்று இருந்தது. ஒரு மணி நேரம் கழித்து ஒரு பீன்ஸை எடுத்து விரலில் வைத்து அழுத்தினேன். தோல் கழன்று வந்தது. உள்ளே சுண்ணாம்புக் கட்டி போல வெடித்து இரண்டாகப் பிளந்தது. இரண்டு மணி நேரம் ஆனபோது குழம்பு வற்றி அடிப்பிடிக்கத் தொடங்கியது, பீன்ஸ் மட்டும் அப்படியே இருந்தது. காரணம் தக்காளியின் புளிப்பு. பீன்ஸைக் கெட்டியாகப் பிடித்து வைத்திருக்கும் பெக்டின் புளிப்பில் லேசில் கரையாது. மறுநாள் பீன்ஸை மட்டும் முதலில் வேகவிட்டேன். முக்கால் மணி நேரத்தில் வெண்ணெய் போலாயிற்று. அப்புறம் தக்காளியைச் சேர்த்தேன். அதே பொருட்கள், அதே பாத்திரம். வரிசை ஒன்றுதான் மாறியது. இந்த வகைச் சமையலே வரிசைதான், செ. எதை முதலில் போடுவது, எதைக் கடைசியில் போடுவது, ஏன் என்று சொல்கிற புத்தகம் கிடைத்தால் விடாதீர்கள்.

பீன்ஸ் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. ஊறவைத்த சிவப்பு ராஜ்மாவை வேகவைக்காமல் நேராக ஸ்லோ குக்கரில் போடச் சொல்லும் குறிப்பு எந்தப் புத்தகத்தில் இருந்தாலும் அதைச் செய்யாதீர்கள். அதில் இயற்கையாகவே ஒரு நச்சு இருக்கிறது, கடும் வாந்தியைக் கிளப்பும். ஸ்லோ குக்கரின் மெல்லிய சூட்டில் அது அழியாமல் போகலாம். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகுதான் மற்ற வேலை.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். புத்தகத்துக்கு அது போதாது. நான் மூன்று குறிப்புகளாவது செய்து பார்க்கிறேன்: அரிசியில் ஒன்று, பீன்ஸ் அல்லது பருப்பில் ஒன்று, இறைச்சியிலோ பாஸ்தாவிலோ ஒன்று. மூன்றிலும் தண்ணீர் வேலை செய்யும் விதம் வேறு வேறு.

வெந்ததற்கு என்ன அடையாளம் என்று புத்தகம் எழுதியவர் சொல்கிறாரா என்றும் பார்ப்பேன். “12 நிமிடம் வேகவிடவும்” என்பது அவர் வீட்டு அடுப்புக்கு, அவர் பாத்திரத்தின் கனத்துக்குச் சரி. உங்கள் பாத்திரம் மெல்லியதாக இருந்தால் பத்தாவது நிமிடமே அடிப்பிடிக்கும். “தண்ணீர் வற்றி மேலே குழி குழியாகத் தெரியும்போது” என்று எழுதியவர் அடுப்பு பக்கத்திலேயே நின்றிருக்கிறார். காதையும் கொடுங்கள். கொதிக்கும் சத்தம் அடங்கி, அடியில் படபடவென்று சின்னதாகப் பொரியும் சத்தம் கேட்டால் அடிப்பிடிக்கப் போகிறது. உடனே அணைத்து, மூடியைத் திறக்காமல் 10 நிமிடம் விடுங்கள். லேசாக ஒட்டியிருந்தால் அந்த ஆவியிலேயே விட்டுவரும்.

நான்கு புத்தகங்களையும் எடுத்து, எதில் கப்பின் அளவு மில்லியில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அப்புறம் அந்தக் கூழான குறிப்பையே, அதே பாத்திரத்தில், 2 கப் அரிசிக்கு 3 கப் தண்ணீர் வைத்து இன்னொரு தடவை செய்யுங்கள். எப்படி வந்தது என்று எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

அன்புடன்.