கார்98கே: போல்ட்டில் ரிசீவர் எண் கையெழுத்தில் இருக்கிறதே?

வணக்கம். உங்களிடம் இருப்பது இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் துப்பாக்கியான கார்98கே: பி.ஒய்.எஃப் 43 முத்திரை (மௌசர் ஆலையின் குறி, 1943), ரிசீவரில் (குழலும் போல்ட்டும் பொருந்தும் உலோக உடல்) நான்கு இலக்கமும் ஒரு சிறிய எழுத்தும், போல்ட்டில் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டு) அதே எண் கிறுக்கல் கையெழுத்தில். போலியா என்று கேட்டிருக்கிறீர்கள். போலி இல்லை. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், சோவியத் படை கைப்பற்றிய துப்பாக்கி என்றுதான் தோன்றுகிறது.

போருக்குப் பிறகு சோவியத் நாட்டில் இப்படிக் கைப்பற்றிய துப்பாக்கிகளைக் குவியலாகப் பிரித்து, சுத்தம் செய்து, கைக்குக் கிடைத்த உதிரிகளைப் போட்டு மறுபடி பூட்டினார்கள். அப்புறம் ரிசீவர் எண்ணை மின்பேனாவால் (உலோகத்தில் எழுதும் மின்கருவி) போல்ட்டில் பொறித்தார்கள். மௌசர் ஆலையில் அடித்த எண் என்றால் உளி முத்திரைபோல் ஒழுங்காகப் பதிந்திருக்கும். மின்பேனாக் கோடு மெல்லியதாக, புள்ளி புள்ளியாக நடுங்கும். லென்ஸ் வைத்துப் பாருங்கள். ரிசீவரின் இடப்பக்கம் ‘எக்ஸ்’ குறியும், மரக்கட்டையில் செம்பழுப்பு ஷெல்லாக் (அரக்கு) பூச்சும் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

அந்தச் சிறிய எழுத்தை விட்டுவிட்டு எண்ணை எழுதாதீர்கள். நான்கு இலக்கம் தீர்ந்ததும் ஏ, பி என்று அடுத்த எழுத்துக்குப் போவார்கள், ஆண்டு பிறந்தால் மறுபடி முதலிலிருந்து. அதனால் ஒரே எண் பல துப்பாக்கிகளில் இருக்கும். ஆலைக் குறி, ஆண்டு, எண், எழுத்து நான்கும் சேர்ந்தால்தான் அடையாளம்.

எல்லா எண்ணும் ஆலையிலேயே ஒத்துப்போன துப்பாக்கியின் விலை இதற்குக் கிடைக்காது, அது உண்மை. அதற்காக மின்பேனா எண்ணைத் தேய்த்து அழித்துவிடாதீர்கள், இருக்கிற மதிப்பும் போய்விடும். சுடுகிற எண்ணமிருந்தால், போல்ட் மாறியிருக்கலாம் என்பதால் ஹெட்ஸ்பேஸை (பூட்டிய போல்ட்டின் முகப்புக்கும் தோட்டா அமரும் இடத்துக்கும் உள்ள இடைவெளி) ஒரு துப்பாக்கிப் பணியாளரிடம் அளந்து பார்த்த பிறகே தோட்டா போடுங்கள்.