கடிதம்: டிரை பம்புன்னா ஒண்ணும் பாக்க வேணாமா?

வணக்கம் அண்ணே,

உங்க மில் லேப் கதைய படிச்சதுல இருந்து எழுதணும்னு இருந்தேன். நான் மலேசியாவுல பத்தாங் பெர்ஜுந்தை (இப்ப பெஸ்தாரி ஜெயா) பக்கம் ஒரு செம்பனை மில் லேப்ல சேந்து எட்டு மாசம் ஆகுது. நார்ல எவ்ளோ எண்ணெய் வீணா போகுதுன்னு பாக்க ஹெக்ஸேன் ஊத்தி எடுப்போம்ல, அந்த ஹெக்ஸேன திரும்ப பிரிச்சு எடுக்க ரோட்டவேப் வச்சிருக்கோம், குடுவைய சுத்த விட்டு வேக்யூம்ல ஆவியாக்கி எடுக்கற மெஷின். பழைய எண்ணெய் பம்ப தூக்கிட்டு டிரை வேக்யூம் பம்ப் வாங்கி குடுத்தாங்க, ரெண்டு தலை உள்ள டயாஃப்ரம் பம்ப். சப்ளையர் வந்து மாட்டிட்டு "இது டிரை பம்ப், மேண்டனன்ஸே கெடையாது"ன்னு சொல்லிட்டு போய்ட்டாரு. வந்த புதுசுல சும்மா பம்ப மட்டும் ஓட்டுனா கேஜ் 9 மில்லிபார் வரைக்கும் இறங்குச்சு. இப்ப செட்டப்போட ஓட்டுனா 240ல போய் நின்னுடுது, அதுக்கு கீழ இறங்க மாட்டேங்குது. எக்ஸாஸ்ட் டியூப்ல தண்ணி மாதிரி சொட்டுது, லேப்பே ஹெக்ஸேன் வாசம். சூப்பர்வைசர் "பம்ப் வீக் ஆயிடுச்சு, இன்னும் நல்லா இழுக்க வை"ங்கறாரு. நானே பிரிச்சு பாக்கலாமாண்ணே?

இன்னொண்ணு, கதைல வர்ற லேப் ஆளு வெளிய உக்காந்துகிட்டே பம்ப் சத்தத்த வச்சு உள்ள என்ன நடக்குதுன்னு சொல்வாரே, அது நெஜமா, நீங்க விட்ட கதையா?

உங்க வாசகி

*

தங்கச்சிக்கு,

கதைய பத்தின கேள்விக்கு கடைசில வர்றேன், மொதல்ல அந்த வாசம். லேப்ல ஹெக்ஸேன் வாசம் வருதுன்னா பம்ப் ரிப்பேர பத்தி பேசுறதுக்கு முன்னாடி வேலைய நிறுத்துங்க. ஹெக்ஸேன் ஆவி காத்த விட மூணு மடங்கு கனம், மேல போய் கலைஞ்சுடாது, தரையோட தரையா தவழ்ந்து போய் பக்கத்து மேசைக்கு கீழ, ஓவனுக்கு கீழ தேங்கும், பூஜ்யம் டிகிரிக்கும் ரொம்ப கீழயே பத்திக்கிற சாமான் அது, நம்ம ஊரு 32 டிகிரிக்கு கேக்கவா வேணும். உங்க பம்ப் மோட்டார் சாதா மோட்டார்னா அந்த ஆவிக்கு நடுவுல ஓட வேண்டிய ஆளே இல்ல. தெனம் தெனம் மூச்சுல போனா நரம்பு வேற கெடும், விரல் நுனி மரத்து போறதுல ஆரம்பிக்கும். எக்ஸாஸ்ட் டியூப இழுத்து ஃபியூம் ஹூடுக்குள்ள, அதான் ஆவிய இழுத்து வெளிய விடற கூண்டுக்குள்ள, விடுங்க, அதுக்கப்புறம்தான் மீதி எல்லாம். டியூப் போற வழியில எங்கயும் மேடேற கூடாது, ஏறுனா உள்ள குளுந்த ஹெக்ஸேன் திரும்பி பம்ப் தலைக்கே வழிஞ்சு வரும். வாசம் வருதுன்னு யாராச்சும் டியூப் வாயில துணிய அடைச்சா கைய தட்டி விடுங்க, வெளிய போற வழி அடைஞ்சா உள்ள பிரஷர் ஏறும், பம்ப் தலையோ டியூபோ பிச்சுக்கும்.

இப்ப 240. அந்த நம்பர படிச்சதும் எனக்கு சிரிப்பு வந்துடுச்சு, ஏன்னா அது பம்போட நம்பர் இல்ல, ஹெக்ஸேனோட நம்பர்.

எப்டின்னா, 28 டிகிரில இருக்கற ஹெக்ஸேன் 230 மில்லிபார் வந்தா கொதிச்சுடும், 30 டிகிரின்னா 250 கிட்ட. உங்க லேப் குழாத்தண்ணி எவ்ளோ இருக்கும்? காலைல 27, மத்தியானம் தகர கூரைக்கு கீழ ஓடி வர்ற பைப்புன்னா 29, 30. அதுதான் ஆவிய குளுர வைக்கற உங்க கண்டென்சர்ல ஓடுது, ரிசீவர் குடுவைல விழுந்து கெடக்கற ஹெக்ஸேனும் அதே சூட்டுல இருக்கு. நீங்க வேக்யூம 240க்கு இறக்குன உடனே ரிசீவர்ல நீங்க கஷ்டப்பட்டு பிடிச்சு வச்ச ஹெக்ஸேனே திரும்ப கொதிச்சு ஆவியா எழும்பி பம்ப பாத்து ஓடுது. ஒரு பக்கம் பம்ப் இழுக்க இழுக்க இன்னொரு பக்கம் ஹெக்ஸேன் ஆவிய குடுத்துகிட்டே இருக்கு, கேஜ் எப்டி கீழ இறங்கும்? ஓட்ட டேங்க்ல தண்ணி நெரப்புற கதைதான். அந்த ஆவி பம்ப தாண்டி வெளிக்காத்து பிரஷருக்கு வந்ததும் திரும்ப தண்ணியாகுது, எக்ஸாஸ்ட்ல சொட்டுறது அதுதான். வாசம், சொட்டு, 240 மூணும் ஒரே வியாதி.

அதனால சூப்பர்வைசர்கிட்ட பணிவா சொல்லுங்க, இன்னும் நல்லா இழுக்க வைக்கறது மருந்து இல்ல, அதுதான் வியாதியே. குடுவைய சூடு பண்ற பாத் 60 டிகிரின்னா வேக்யூம 370 கிட்ட நிறுத்துனா போதும், ஹெக்ஸேன் 40ல கொதிச்சு வந்துடும். வேக்யூம் கன்ட்ரோலர் இல்லன்னா பம்புக்கும் செட்டப்புக்கும் நடுவுல ஒரு டி-பீஸ் போட்டு ஊசி வால்வுல கொஞ்சம் காத்து விட்டு புடிச்சு வைக்கலாம். ஆனா 40ல வர்ற ஆவிய 28 டிகிரி தண்ணி முழுசா புடிக்காது, நடுவுல ஒரு இருபது டிகிரியாச்சும் வித்தியாசம் வேணும்பாங்க. குளிர் நாட்டுல எழுதுன மேனுவல்ல குழாத்தண்ணி போதும்னு இருக்கும், அவன் குழாத்தண்ணி 10 டிகிரி, நம்மளுது ஒட்டுக்கடை வெதுவெது தண்ணி. சில்லர் வாங்க காசில்லன்னு ஓப்பிஸ்ல சொன்னா ஒரு வாளில ஐஸ போட்டு சின்ன சப்மெர்சிபிள் பம்ப்ல சுத்த விடுங்க, நாங்க வருஷக்கணக்கா அப்டித்தான் ஓட்டுனோம். வாளிய தரையில வைக்காம ரோட்டவேப் விட்டு தள்ளி மேசை மேல வைங்க, ஆவி தங்கறது தரையிலன்னு சொன்னேன்ல. 5 டிகிரி தண்ணின்னா ஹெக்ஸேன் 80 மில்லிபார் வரைக்கும் அடங்கி ஒக்காந்திருக்கும்.

சப்ளையர் சொன்ன "டிரை"க்கு வர்றேன். எனக்கு இந்த வார்த்தை மேலயே ஒரு கோவம் உண்டு. டிரைன்னா பம்ப் தலைக்குள்ள எண்ணெய் இல்லங்கறது மட்டும்தான் அர்த்தம். உள்ள ஈரம் போகாது, அழுக்கு போகாது, பாக்கவே வேணாம்னு அர்த்தம் இல்ல. பழைய எண்ணெய் பம்ப்ல ஒரு சௌகரியம் இருந்துச்சு, கண்ணாடில எண்ணெய் கலர பாத்தாலே உடம்புக்கு என்னன்னு தெரியும், தே தாரிக் பால் டீ மாதிரி கலங்கி இருந்தா தண்ணி போயிருக்கு, பாலில்லாத தே ஓ மாதிரி கருத்துட்டா எண்ணெய் செத்துருச்சு. டிரை பம்புக்கு அந்த கண்ணாடி கெடையாது. அது சொல்லாதத நீங்கதான் ஒரு நோட்டுல எழுதி வைக்கணும். வாரத்துக்கு ஒரு நாள், திங்கக்கிழமை காலைலன்னு வச்சுக்குங்க, செட்டப்ப கழட்டிட்டு பம்ப் வாயில கேஜ மட்டும் மாட்டி எது வரைக்கும் இறங்குது, எத்தன நிமிஷம் ஆச்சுன்னு எழுதுங்க. ரெண்டு ஸ்டேஜ் பம்புக்கு 10 கிட்ட வரணும், உங்களுக்கு புதுசுல 9 வந்துருக்கு, நல்ல பம்ப். கேஸ் பாலஸ்ட, அதான் பம்புக்குள்ள கொஞ்சம் காத்து விடற சின்ன வால்வ, மூடிட்டு பாருங்க, தெறந்திருந்தா நம்பர் ஏறித்தான் காட்டும், அத பாத்து பயப்படாதீங்க.

தனியா ஓட்டி 9, 10 வந்தா பம்ப்ல ஒரு கொறையும் இல்ல, டியூப், ஜாயின்ட், ரோட்டவேப் சீல் எங்கயோ, இல்லன்னா நான் மேல சொன்ன ஹெக்ஸேன் கதைதான். 30, 40ல நின்னா தலை ஈரமா இருக்கலாம், அழுக்கா இருக்கலாம். மொதல்ல காய விடுங்க: வாய காத்துக்கு தெறந்து விட்டு, கேஸ் பாலஸ்டயும் தெறந்து இருபது நிமிஷம் சும்மா ஓட்டுங்க, எக்ஸாஸ்ட் ஹூடுக்குள்ளயே இருக்கட்டும். கேஸ் பாலஸ்டுங்கறது வேற ஒண்ணும் இல்ல, கொஞ்சம் காத்த உள்ள விட்டு ஆவி தண்ணியாகறதுக்கு முன்னாடியே வெளிய தள்ளி விடற ஒரு சின்ன வழி, 1935லயே வோல்ஃப்காங் கேடெங்கற ஜெர்மன்காரர் கண்டுபுடிச்சுட்டாரு. இத தெனமும் வேலை முடிஞ்சதும் செஞ்சா பாதி வியாதி வராது. வேலை முடிஞ்ச உடனே சுவிட்ச தட்டிட்டு பஸ்ஸுக்கு ஓடறவங்க பம்புதான் நனைஞ்ச துணிய மடிச்சு வச்ச அலமாரி மாதிரி ஆகும்.

காய வச்சும் வரலன்னா பிரிக்கலாம், ஆனா வாரண்டி இருக்கான்னு மொதல்ல பாருங்க, இருந்தா சப்ளையர கூப்புடுங்க, மேண்டனன்ஸ் இல்லன்னு சொன்னவரே வந்து செய்யட்டும். வாரண்டி முடிஞ்சுதுன்னா பிளக்க சுவத்துல இருந்து கழட்டிட்டு செய்யணும், சுவிட்ச மட்டும் அணைச்சா போதாது. இந்த பம்ப்ல சூடு ஏறுனா தானா நிக்கற அமைப்பு இருக்கும், சிலது ஆறுனதும் தானா திரும்ப ஓட ஆரம்பிச்சுடும், செத்துருச்சுன்னு நெனச்சு கைய விட்டா போச்சு. நைட்ரைல் கையுறை போட்டு ஹூட்ல வச்சு, தலைல இருக்கற ஸ்க்ரூ எல்லாம் கழட்டுறதுக்கு முன்னாடி போன்ல ஒரு போட்டோ எடுத்துக்குங்க.

தலைய தூக்குனா வெள்ளையா ஒரு வட்டம் தெரியும், டெஃப்ளான் பூசுன டயாஃப்ரம், அதுதான் மேலயும் கீழயும் போய் காத்த இழுத்து தள்றது. மேல் மூடிக்குள்ள இருபது காசு சைஸ்ல வால்வு இருக்கும், மெல்லிசா, நாக்கு மாதிரி. நம்ம மில் பம்ப்னா அந்த வால்வு மேல என்ன ஒட்டி இருக்கும்னு பாக்காமலே சொல்லுவேன், ஆரஞ்சு கலர்ல பிசுபிசுன்னு ஒரு படலம், செம்பனை எண்ணெய். குடுவை திடீர்னு பொங்குனப்ப ஒரு துளி மேல ஏறி வந்துருக்கும். அந்த படலத்துல வால்வு ஒட்டிக்கிட்டு சரியா மூடாம நின்னுதுன்னா போதும், 9 வந்த பம்ப் 40ல நிக்கும். நூல் உதிராத துணில கொஞ்சம் ஆல்கஹால் தொட்டு தொடச்சா வந்துடும். ஸ்க்ரூடிரைவரால சொரண்டாதீங்க, டெஃப்ளான் மேல ஒரு கீறல் போதும் அந்த டயாஃப்ரம் போச்சு. ஓரத்துல வெடிப்பு இருந்தா மாத்தியே ஆகணும், செட்டா விக்கறாங்க, வால்வும் சேந்து வரும். டயாஃப்ரம கழட்டுனா அடில காகிதம் மாதிரி மெல்லிசு வாஷர் எத்தன இருந்துதோ அத்தனையும் அதே தலைக்கு திரும்ப போகணும். ஸ்க்ரூவ மாத்தி மாத்தி எதிரெதிரா இறுக்குங்க, காடி டயர் மாட்டற மாதிரி. அப்பறம் குடுவைக்கும் பம்புக்கும் நடுவுல ஒரு காலி ட்ராப் பாட்டில் வைங்க, அடுத்த வாட்டி பொங்குறது அதுலயே விழட்டும்.

உங்களுது டயாஃப்ரம் பம்புன்னு சொன்னதால இவ்ளோ தைரியமா பிரிக்க சொல்றேன். ஸ்க்ரோல் பம்ப் வச்சிருக்கற யாராச்சும் இத படிச்சா தயவு செஞ்சு கை வைக்காதீங்க, அது வேற ஜாதி.

கண்ணாடி குடுவை பத்தி ஒண்ணு சொல்லாம விட மனசில்ல. நான் வேல பாத்த ஒரு மில்லுல, பேரு வேணாம், ராத்திரி ஷிஃப்ட்ல டர்பைன் ட்ரிப் ஆயிடுச்சு, மில்லுக்கு சொந்த கரண்டுதானே, லேப்பும் இருட்டு. பம்ப் நின்னுச்சு, குடுவைக்குள்ள வேக்யூம் அப்டியே இருக்கு. நான் சுவிட்ச அணைக்காம டார்ச் தேடி வெளிய போய்ட்டேன். கரண்டு வந்ததும் பம்ப் தானா ஓடி, ரவுண்ட் குடுவை கெடைக்கலன்னு எவனோ மாட்டி வச்சிருந்த தட்டை அடி குடுவை உள்ளுக்கா வெடிச்சுச்சு. நான் வெளிய இருந்ததால இன்னிக்கு இத எழுதறேன். 1 லிட்டர் ரவுண்ட் குடுவை மேல முழு வேக்யூம்ல வெளிக்காத்து அழுத்தறது மொத்தமா அரை டன்னுக்கு மேல, இருபது கிலோ பழக்குலை இருபத்தஞ்ச அடுக்குன கனம். உருண்டை அத தாங்கும், தட்டை தாங்காது, நட்சத்திரம் மாதிரி கீறல் விழுந்த உருண்டையும் தாங்காது. கரண்டு போனா மொதல் கை சுவிட்சுக்கு, ரெண்டாவது கை காத்து விடற குழாய்க்கு, மெதுவா. கண்ணுக்கு கண்ணாடி எப்பவும்.

ஹூட பத்தி ஓப்பிஸ்ல கேளுங்க, கேக்கறதுக்கு கூச்சப்படாதீங்க. 2000ல வந்த நம்ம நாட்டு கெமிக்கல் ரெகுலேஷன் (USECHH) படி அத மாசம் ஒரு வாட்டி பாக்கணும், வருஷம் ஒரு வாட்டி ஹைஜீன் டெக்னீஷியன் வந்து அளந்து ரெக்கார்ட் வைக்கணும். ஹூடே இழுக்கலன்னா நீங்க எக்ஸாஸ்ட்ட அதுக்குள்ள விட்டும் பிரயோஜனம் இல்ல.

கதைல வர்ற ஆளு. பாதி நெஜம். டயாஃப்ரம் பம்ப் காத்த இழுக்கறப்ப தடதடன்னு சத்தமா இருக்கும், வேக்யூம் ஏற ஏற கொரல் இறங்கி, அடியில போய் சேந்ததும் அமுங்கி டிக் டிக்னு வால்வு சத்தம் மட்டும்தான் கேக்கும். அமுங்க வேண்டிய நேரத்துல தடதடன்னே கேட்டுகிட்டு இருந்தா எங்கயோ காத்து ஏறுது, இல்ல குடுவைல இன்னும் கொதிக்குது. எங்க சீனியர் ஒருத்தர் வெளி பெஞ்சுல பசியாறிக்கிட்டே "ஜாயின்ட் க்ரீஸ் போடல நீ"ன்னு உள்ள இருக்கற என்ன பாத்து சத்தம் போடுவாரு, போய் பாத்தா போட்டிருக்க மாட்டேன். கதைல அவரு சத்தத்த வச்சே மணியும் சொல்வாருல்ல, அது மட்டும் நான் சேத்தது.

திங்கக்கிழமை பம்ப மட்டும் ஓட்டி பாத்துட்டு அந்த நம்பர எழுதுங்க.

அன்போட,
அண்ணன்