பாவித்த நின்டெண்டோ ஸ்விட்ச்: காசு கொடுக்கமுன் ஸ்டிக்கையும் மோஷன் சென்சரையும் எப்படிப் பரிசோதிப்பது?

கல்முனையில் ஒருவர் கட்டாரிலிருந்து கொண்டுவந்த ஸ்விட்ச்சை (கையில் வைத்து விளையாடும் நின்டெண்டோ கேம் மெஷினை) விற்கிறார், எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கல்லடியில் போன் திருத்துகிறவன். இடைக்கிடை இந்தச் சாமான்களும் கைக்கு வரும்.

முதலில் ஒன்று. விற்பவர் "பொறுங்க தம்பி, கலிப்ரேட் பண்ணித் தாறன்" என்றால், அதாவது ஸ்டிக்கின் நடுப்புள்ளியைப் புதிதாக அளந்து பதியப் போனால், ஸ்டிக்கை (பெருவிரலால் தள்ளும் குமிழை) தொட விடாதீர்கள். ஸ்டிக் தேய்ந்து கெடுவது. கலிப்ரேஷன் அந்தத் தேய்வைக் கொஞ்ச நாளைக்கு மூடி வைக்கும், அவ்வளவுதான். ஜைரோவின், அதாவது கன்ட்ரோலரைத் திருப்புவதை உணரும் மோஷன் சென்சரின், கதை வேறு. அதில் பெரும்பாலும் அசையாதபோது காட்ட வேண்டிய பூச்சியப் புள்ளிதான் விலகியிருக்கும், கலிப்ரேஷன் அதை உண்மையாகவே சரியாக்கிவிடும்.

சிஸ்டம் செட்டிங்ஸில் கன்ட்ரோலர்ஸ் அண்ட் சென்சர்ஸ், அதற்குள் கன்ட்ரோல் ஸ்டிக் கலிப்ரேஷன். திரையில் ஒரு வட்டமும், ஸ்டிக் இருக்கும் இடத்தைக் காட்டும் ஒரு குறியும் தெரியும். அங்கே பார்ப்பதோடு நிறுத்துங்கள், கலிப்ரேஷனைத் தொடங்க வேண்டாம். கையை எடுத்துவிட்டு, குறி நடுவில் அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒவ்வொரு பக்கமும் முழுதாகத் தள்ளிப் பட்டென்று விடுங்கள். ஒவ்வொரு முறையும் அதே இடத்துக்குத் திரும்ப வேண்டும். கடைசியாக விளிம்போடு மிக மெதுவாக ஒரு சுற்று. குறி வழுக்கிக்கொண்டு போகாமல் எங்கேயாவது துள்ளினால் தேய்வு தொடங்கிவிட்டது. ஜோய்கானின் (ஸ்விட்ச்சின் இரு பக்கமும் கழற்றிப் பூட்டும் கன்ட்ரோலரின்) ஸ்டிக்குக்குள்ளே ஒரு கரிப்பூச்சின் மேல் சின்ன உலோக நாக்கு உரசிக்கொண்டே இருக்கிறது. பூச்சுத் தேய்ந்தால், நீங்கள் தொடாமலே விளையாட்டில் உள்ள ஆள் நடக்கத் தொடங்குவார். உள்ளே துப்புரவாக்கும் கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே அடித்தால் கொஞ்ச நாள் ஓடும். விற்பதற்கு முதல்நாள் அடிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

பட்டன்களைச் சோதிக்க அதே மெனுவில் தனி இடம் உண்டு, எல்லாவற்றையும் ஒருதரம் அமத்திப் பாருங்கள், போதும். ஜோய்கானைக் கழற்றும்போது அது வழுக்கிப் பூட்டும் தண்டவாளத்துக்குள் இருக்கும் உலோகத் தொடுமுனைகளைக் கவனியுங்கள். எங்கள் கடற்கரைப் பக்கத்து வீடுகளில் கொஞ்ச நாள் கிடந்த சாமான் என்றால் பச்சை பூத்திருக்கும். கழற்றிய பிறகும் நாலடி தள்ளி நின்று விளையாடிப் பாருங்கள்.

ஜைரோவுக்கு, ஜோய்கானைச் சமமான மேசையில் வைத்து மோஷன் கலிப்ரேஷன் செய்யுங்கள். மேசை விசிறி ஓடுகிற மேசை வேண்டாம், அந்த அதிர்வே அளவைக் குழப்பும். ஏசி வாகனத்திலிருந்து இறக்கிய கையோடும் வேண்டாம். சூடு மாறினால் பூச்சியமும் நகரும். பிறகு ஜைரோவால் குறிபார்க்கும் ஒரு விளையாட்டைப் போடுங்கள். 'செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட்' இருந்தால் வில்லை இழுத்துப் பிடித்துக் கையை அசைக்காமல் வைத்திருங்கள். குறி தானாக ஒரே பக்கம் ஊர்ந்துகொண்டே போனால், கலிப்ரேஷனுக்குப் பிறகும் அப்படி என்றால், சென்சரில்தான் பிழை. விழுந்த சாமானாக இருக்கலாம். இடது, வலது இரண்டுக்கும் தனித்தனி சென்சர், ஆகவே ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

சாதாரண ஸ்விட்ச்சில் ஸ்டிக் மட்டும் பிழை என்றால் விலையைக் குறைத்து வாங்கலாம். Y வடிவ ஸ்க்ரூ டிரைவரும் சின்ன பிளஸ் ஸ்க்ரூ டிரைவரும் புது ஸ்டிக்கும் இருந்தால் மாற்றிவிடலாம், காந்தத்தில் வேலை செய்யும் தேயாத ஸ்டிக்கும் வருகிறது. ஸ்விட்ச் லைட் (Lite) மாடல் என்றால் ஸ்டிக் உடம்போடு சேர்ந்தது, முழுவதையும் பிரிக்க வேண்டும். அதில் குறி கொஞ்சம் துள்ளினாலும் நான் வாங்கமாட்டேன்.