கேட்காமல் செய்த டிரேடு: யார் நிரூபிக்க வேண்டும்?

கேள்வி: புனலூர் சப்-புரோக்கர் (பங்குத் தரகு நிறுவனத்தின் உள்ளூர் முகவர்) ஒருவர் மூலம் டீமேட் கணக்கு தொடங்கினேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஆப்ஷன் டிரேடு (விலை ஏற்ற இறக்கத்தை வைத்துச் செய்யும் ஒப்பந்த வணிகம்) செய்து, நஷ்டத்துக்கு என் பங்குகளையே விற்றுவிட்டார்கள். 4,20,000 ரூபாய் போய்விட்டது. வழக்குக்குக் கேரளாவுக்கு அலைய வேண்டுமா?
– ஒரு வாசகி, செங்கோட்டை

பதில்: வேண்டியதில்லை. பங்குச் சந்தையைக் கட்டுப்படுத்தும் செபியின் ‘ஸ்மார்ட் ஓடிஆர்’ என்ற ஆன்லைன் தகராறு தீர்வு முறையில், கேஒய்சி-யில் நீங்கள் கொடுத்த முகவரிதான் வழக்கின் ஊர். விசாரணை ஆன்லைனில். சப்-புரோக்கர் (இப்போது செபி விதிகளில் ‘ஆத்தரைஸ்டு பர்சன்’) செய்ததற்கெல்லாம் புரோக்கர் நிறுவனமே பொறுப்பு. ‘அவர் எங்கள் ஊழியர் இல்லையே’ என்று கை கழுவ முடியாது.

ஆர்டர் கொடுத்தது நீங்கள்தான் என்று நிரூபிக்க வேண்டியதும் அவர்களே. செபியின் 2018 மார்ச் சுற்றறிக்கைப்படி கையெழுத்திட்ட சீட்டு, போன் பதிவு, மின்னஞ்சல், எஸ்எம்எஸ், இணைய லாக் (கணினியில் தானாகப் பதியும் குறிப்பு) என ஏதாவது ஓர் ஆதாரம் அவர்களிடம் இருந்தாக வேண்டும். லாக்கைக் காட்டினால் ஐபி முகவரியையும் கேளுங்கள். ஆர்டர் சப்-புரோக்கர் கடையிலிருந்து போயிருந்தால் அதில் தெரிந்துவிடும். பாஸ்வேர்டையும் ஓடிபி-யையும் நீங்களே சொல்லியிருந்தால் மட்டும் வழக்கு இளைத்துவிடும்.

இப்படிப்பட்ட வழக்குகள் பெரும்பாலும் கவிழ்வது வேறோர் இடத்தில். எக்ஸ்சேஞ்ச் (பங்குச் சந்தை) எஸ்எம்எஸ் வந்தது, கான்ட்ராக்ட் நோட் (அன்றைய டிரேடுகளின் விவரச் சீட்டு) வந்தது. ஆறு மாதம் ஏன் பேசாமல் இருந்தீர்கள் என்று மத்தியஸ்தர் கேட்பார். அதனால் கணக்கில் பதிவான செல் எண்ணும் மின்னஞ்சலும் யாருடையவை என்று முதலில் பாருங்கள். சப்-புரோக்கர் தன்னுடையதைப் போட்டிருந்தால் அந்தக் கேள்விக்கு அதுவே பதில்.

புரோக்கர் நிறுவனத்தில் விதிமுறைகளைக் கவனிக்கும் கம்ப்ளையன்ஸ் ஆபீசருக்கு இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள்: எந்தெந்தத் தேதி டிரேடுகளை மறுக்கிறீர்கள் என்று எழுதி, அந்த நாட்களின் போன் பதிவையும் லெட்ஜரையும் (வரவு செலவுக் கணக்கு) கேளுங்கள். திருப்தி இல்லையென்றால் செபியின் ‘ஸ்கோர்ஸ்’ புகார் தளம். சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் அங்கே புகார் பதிய வேண்டும். 21 நாளில் பதில் வரும். ஏற்காவிட்டால் 15 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். ஓடிஆர்-க்குப் போனால் ஸ்கோர்ஸ் புகார் முடிந்ததாகிவிடும். ஓடிஆர்-இல் முதலில் சமரசம், 21 நாள், உங்களுக்குச் செலவில்லை. படியாவிட்டால் கட்டணம் கட்டி ஆர்பிட்ரேஷன் (மத்தியஸ்தர் தீர்ப்பு). மலையாள வாட்ஸ்அப் செய்திகள் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்போடு இணையுங்கள். நடுவில் ‘பாதி தருகிறோம், இதில் ஒரு கையெழுத்து’ என்று காகிதம் நீட்டுவார்கள். ‘முழுத் தீர்வு’ என்ற சொல் அதில் இருக்கிறதா என்று பார்க்காமல் பேனாவைத் தொடாதீர்கள்.

கேள்வி: மாதம் 3 சதவீதம் உறுதி என்று சொன்ன பாறசாலை சப்-புரோக்கரின் சொந்தக் கணக்கில் 2 லட்சம் போட்டேன். ஆளைக் காணோம்.
– ஒரு வாசகர், களியக்காவிளை

பதில்: பணம் புரோக்கர் நிறுவனத்தின் கணக்குக்குப் போகவில்லை என்பதால் எக்ஸ்சேஞ்ச் வழி கடினம். இது போலீஸ் வழக்கு. ‘கேரளாவில் போய்க் கொடுங்கள்’ என்று ஸ்டேஷனில் சொன்னால், எல்லை பாராமல் புகாரைப் பதிய வேண்டும் என்று பிஎன்எஸ்எஸ் (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173-ஆவது பிரிவு சொல்வதை எடுத்துச் சொல்லுங்கள். பலரிடம் இப்படி வாங்கியிருந்தால் பொருளாதாரக் குற்றப்பிரிவுக்கும் எழுதுங்கள். வட்டி என்று ஒன்றிரண்டு மாதம் வந்த தொகையைப் புகாரில் மறைக்காதீர்கள். வங்கி ஸ்டேட்மென்ட் எப்படியும் காட்டிவிடும்.