காட்டில் ஆள் காணாமல் போவதும் மனநலமும் சேர்ந்து வரும் நல்ல சஸ்பென்ஸ் நாவல் ஒன்று சொல்லுங்களேன்?

டிம் ஓ'பிரையன் எழுதிய ‘இன் தி லேக் ஆஃப் தி வுட்ஸ்’. 1994-இல் வந்த அமெரிக்க நாவல். யாராவது இப்படிக் கேட்டால் நான் யோசிக்காமல் சொல்வது இதைத்தான்.

கதை 1986-இல் நடக்கிறது. ஜான் வேட் என்ற அரசியல்வாதி, செனட் பதவிக்கான கட்சி உள்தேர்தலில் படுதோல்வி அடைகிறான். வியட்நாம் போரில் நடந்து, அவன் பல வருடம் மூடி மறைத்த விஷயம் பிரசாரத்தின்போது அம்பலமாகிவிட்டது. மனைவி கேத்தியோடு மின்னசோட்டாவின் வடகோடியில், கனடா எல்லையை ஒட்டிய ஏரிக்கரை வீட்டுக்குப் போய்த் தங்குகிறான். ஒருநாள் எழுந்து பார்த்தால் கேத்தி இல்லை. படகையும் காணோம்.

அந்த ஏரி நிஜமானது. 14,000-க்கும் மேற்பட்ட தீவுகள். படகுகளும் விமானங்களும் தேடுகின்றன. எங்கே என்று தேடுவது?

முந்தைய இரவில் ஜான் கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, கணப்புக்குப் பக்கத்தில் இருக்கும் ஜெரேனியம் செடியின் மேல் ஊற்றுகிறான். அந்தப் பக்கத்தைப் படித்தபோது உண்மையிலேயே எனக்குக் கை நடுங்கியது. அப்புறம் என்ன செய்தான் என்பது அவனுக்கே துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது.

சாதாரண த்ரில்லராக இருந்தால், ‘மனநிலை சரியில்லாதவன், அவன்தான் கொன்றான்’ என்று முடித்திருப்பார்கள். மனநோயைக் கடைசிப் பக்கத் திருப்பமாகப் பயன்படுத்தும் கதைகளைக் கண்டாலே எனக்குக் கோபம் வரும். ஓ'பிரையன் அதைச் செய்யவில்லை. ஜானின் அப்பா குடிகாரர்; கராஜில் தூக்குப்போட்டுக்கொண்டவர். சிறுவன் ஜான் கண்ணாடி முன் நின்று மேஜிக் பழகுகிறான். போரில் அவனுக்குப் பட்டப்பெயரே மந்திரவாதிதான். 1968 மார்ச் 16 அன்று அமெரிக்கச் சிப்பாய்கள் வியட்நாம் கிராமத்து மக்களைக் கொன்று குவித்த மை லாய் படுகொலை நடந்த இடத்தில் அவனும் இருக்கிறான். வியட்நாம் கணக்குப்படி அன்று செத்தவர்கள் 504 பேர். பிறகு ராணுவ அலுவலகத்தில் வேலை கிடைத்ததும், தன் பெயரை அந்தப் படுகொலையைச் செய்த கம்பெனியின் (படைப்பிரிவின்) பதிவேடுகளிலிருந்து எடுத்துவிட்டு வேறு கம்பெனியில் சேர்த்து டைப் அடித்துவிடுகிறான். கேத்தி காணாமல் போவதற்கு வெகுகாலம் முன்பே காணாமல் போனவன் அவன்தான். தூக்கத்தில் அவன் கத்துவதையும் கெட்ட வார்த்தை பேசுவதையும் கேட்டுக்கொண்டே அவள் அவனோடு வாழ்ந்திருக்கிறாள். போர் விட்டுச்செல்லும் இந்த மனக்காயத்தை அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு தனி நோயாகச் சேர்த்ததே 1980-இல்தான்.

‘சாட்சியம்’ என்ற அத்தியாயங்களில் மை லாய் ராணுவ விசாரணையின் உண்மையான வாக்குமூலங்களும் கற்பனைப் பாத்திரங்களின் பேச்சும் கலந்தே வருகின்றன. ‘ஊகம்’ என்ற அத்தியாயங்களில் கேத்தி வழி தவறியிருக்கலாம், மூழ்கியிருக்கலாம், ஓடிப்போயிருக்கலாம், அவனே கொன்றிருக்கலாம் என்று ஒவ்வொன்றும் நடந்தது போலவே விரிகிறது. எதையும் நம்பாமல் இருக்க முடியாது. ஓ'பிரையன் அந்தப் படுகொலைக்கு அடுத்த வருடம் அதே பகுதியில் சிப்பாயாக இருந்தவர். போர்ப் பகுதிகளில் அது தெரிகிறது.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: கேத்திக்கு என்ன ஆனது என்று நாவல் கடைசிவரை சொல்லாது. விடை தெரிந்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு எரிச்சல் வரும். எனக்கு அதுதான் நேர்மையாகப் பட்டது. தற்கொலையும் படுகொலையும் விரிவாகவே வருகின்றன, மனம் கொஞ்சம் திடமாக இருக்கும்போது எடுங்கள். அடிக்குறிப்புகளைத் தாண்டிப் போய்விடாதீர்கள். கதை சொல்பவர் யார் என்பது அங்கேதான் மெல்ல மெல்லத் தெரியவரும்.